ஒரு மணி நேரமாவது

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே
குன்றில் கடைசி வீடு.
கம்பி ரயில் பழுதாகி எட்டு மாதம்.
படியேறிப் போனேன்,
கையில் கணக்கெடுப்புத் தாள்,
காதுக்குள் என் மூச்சு.

எலிசெயோ ரிகெல்மே, வயது அறுபத்தொன்று.
என்னை உட்காரச் சொன்னார்.
அவர் உட்காரவில்லை.

போன வாரம் வேலை செய்தீர்களா?
இல்லை.
ஒரு மணி நேரமாவது?
இல்லைம்மா,
துறைமுகத்துல கிரேன் ஓட்டினது.
விட்டு ஆறு வருஷமாச்சு.

சொல்லிக்கொண்டே தண்ணீரில் மாவு கரைத்தார்.
வெறும் தண்ணீர் தம்பிக்குப் புரையேறுமாம்,
கூழாக்கினால் இறங்கும்.
கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.
சொட்டு தயங்கி விழுந்தது.
சரி, என்றார் தனக்கே.

மாத்திரையை நுணுக்கி
தூளை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் வழித்தார்.
'பராமரிப்பாளர்' என்று அச்சிட்டு
அவர் படமும் ஒட்டியிருந்தது அதில்.
நகராட்சி கொடுத்தது.
காட்டினா வரிசையில முன்னாடி விடுவாங்க.
வரிசைக்கு நான் போனா இவன்கிட்ட யாரு?

குளிர்பெட்டியின் மேல் ஒரு தாள்:
இரண்டு, இடம். நான்கு, வலம். ஆறு, இடம்.
பகலா இரவா என்று குறிப்பில்லை.
திருப்பிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.
நேற்று நான்குக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி.
தூங்கிட்டேன், என்றார்,
திருடி அகப்பட்டவர்போல.

இவர் தொழில்?
கட்டிலைப் பார்த்துக் கேட்டேன்.
மீன்பிடி, என்றார் சட்டென்று.
இப்ப விடுப்புல இருக்கான்.
நிபால்டோவின் வாயில்
ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

உங்களுக்கு என்ன போடட்டும்?
ஒண்ணுமில்லைன்னு போடுங்க.
போட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எப்படி?
செவ்வாய்க்கிழமை. முதுகுல.
முன்னெல்லாம் நாலு படிக்கு ஒருமுறை இறக்கி வைப்பேன்.
இப்ப இளைச்சுட்டான், சௌகரியம்.
சொன்னதும் ஜன்னலைச் சாத்தப் போனார்.
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

இறங்கும்போது படிகளை எண்ணினேன்,
நூற்றி நாற்பதுவரை.
ஒரு நாய் குறுக்கே வந்தது, கணக்கு விட்டுப்போனது.
என் தோளில் இருந்ததோ
தாள்களும் பாதி பாட்டில் தண்ணீரும்தான்.

கீழ்ப்படியில் உட்கார்ந்து
அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன்.
பென்சில் குறிதான்.
அழிக்கும் ரப்பர் பையில் இருக்கிறது.
அழித்தபின் எதை எழுத?
எங்கள் கையேட்டில்
அதற்கு எண் இல்லை.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.
மணி நான்காகப் போகிறது.
மேலே,
வலம்.