காடிக்கு அறுபத்து நாலு

ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம்
லேத்தின் நெற்றியில் உதிராமல் இருக்கும்போதே
கேட்டுப் பலகையை இறக்கிவிட்டார்கள்.
ஒரு ஏணி, இரண்டு ஆள், ஒரு ஸ்பேனர்.
பத்து நிமிசம் கூட ஆகவில்லை.

குறிச்சி சிட்கோ, மூன்றாவது குறுக்குச் சந்து.
உள்ளே நாங்கள் பதினாலு பெண்கள்
போர்வெல் மோட்டாருக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தோம்.

வாங்கினவர்கள் ராஜ்கோட்டிலிருந்து பட்டியலோடு வந்தார்கள்.
லேத்து ஆறு, இரண்டாயிரத்து நாலாம் வருசத்தது.
வார்னிஷ் டேங்க் ஒன்று.
ஜெனரேட்டர், ரிப்பேர்.
தொட்டியடியில் கிடந்த பழைய கிரைண்டரைக்கூட
துருவைச் சுரண்டி வருசம் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.
இரும்பின் வயசில் ஒருவரும் கை வைக்கவில்லை.

எங்களுக்கு ஆளுக்கு இரண்டு தாள்.
"சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்றது ஒன்று.
"ஒன்றாம் தேதி முதல் பணியில் அமர்த்தப்படுகிறீர்கள்"
என்றது இன்னொன்று.
நடுவில் ஒரே ஒரு ராத்திரி.
என் பதினாறு வருசமும் அதற்குள் படுத்து
எழுந்திருக்காமலே போய்விட வேண்டும்.

"அதே சம்பளம், அதே சீட்டு, அதே கேன்டீன்,
சும்மா ஒரு கையெழுத்துத்தானுங்க்கா"
என்றான் ஆபீஸ் நிஷாந்த்.
நல்ல பையன். அவனுக்கும் இரண்டு தாள்தான் வந்தது.
சம்பூர்ணம் போட்டுவிட்டாள்,
மகளுக்கு செமஸ்டர் பீஸ் கட்ட வேண்டிய வாரம்.
அவளை ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வராது.

"ஏனுங் தம்பி,
சொந்தக் காரணம்னு அடிச்சிருக்குதே,
யாரோட சொந்தமுங்?"

சிரித்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.

அக்கவுண்ட்ஸ் மரகதமணி கழுவுமிடத்தில் சொன்னாள்:
"உங்க பேரும் பட்டியல்ல இருக்குதுக்கா.
கடன் பக்கத்துல.
பதினாறு வருச கிராஜுட்டின்னு தனி வரி.
அதை விலையில கழிச்சுட்டுத்தான் வாங்குனாங்க."

குழாயை மூட மறந்து நின்றேன்.
ஒரு பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்,
கடனாகவாவது.
விலை பேசும்போது என் வருசங்கள் இருந்தன.
விலை படிந்த பிறகுதான்
இல்லாமல் போகச் சொல்கிறார்கள்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம்.
காடிக்கு அறுபத்து நாலு சுற்று.
பாதியில் சங்கு பிடித்தால்
அடுத்த ஷிப்டு வஞ்சிக்கொடி கையில் கம்பியைக் கொடுத்து
"நாப்பத்திரெண்டு ஓடியிருக்குது" என்று
சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.
அவள் நாற்பத்து மூன்று என்று தொடங்குவாள்.
கை புதுசு, நான் ஒன்றிலிருந்துதான் எண்ணுவேன் என்றால்
காடி பிதுங்கும்.
காங்கேயத்துப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில்
எண்ணூறடி ஆழத்தில் மோட்டார் கருகும்.
எண்ணினது யாரென்று அப்போதும் எங்களைத்தான் கேட்பார்கள்.

மக்யா நாள்
முதல் தாளைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்:

வேலையில் சேர்ந்தது 11.6.2008.
நான் விலகவில்லை.
விலகினது முதலாளி.
புது ஆர்டரில் பழைய தேதி இருந்தால்
கையெழுத்துப் போடுகிறேன்.

நிஷாந்த் இரண்டு தடவை படித்தான்.
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தான்.

ஒன்றாம் தேதி கடந்தது.
விரல் வைத்தேன், மிசின் பச்சை காட்டியது.
இந்த மாதச் சம்பளச் சீட்டில்
சேர்ந்த தேதி இருக்கவேண்டிய கட்டத்தில்
மூன்று கோடு மட்டும்.
தாள் இன்னும் ஸ்டேப்ளருக்கு அடியிலேயே இருக்கிறது.
நடக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கு எனக்குக் காலை ஷிப்டு.
வஞ்சிக்கொடி ராத்திரிக் கண்ணோடு எழுந்து
கம்பியை நீட்டினாள்.
"பத்தொம்பதுக்கா."

இருபது, என்றேன்.