பதினான்கு விளக்குகள்

சுரங்கத்துக்கு வந்த புகார்க் கடிதத்தில்
கையெழுத்து நிபால்டோவுடையது.
முதலெழுத்தின் காலைக் கீழ்வரி வரை
இழுத்துவிடுகிற அதே பழக்கம்.

'மேற்கு மேட்டின் பதினான்கு விளக்குகள்
அடிவானிலிருந்து இருபது பாகை வரை
வானத்தைக் கெடுக்கின்றன.
உரியவர் கவனிக்க வேண்டுகிறோம்.'

உரியவர் நான்தான்.
அது அவனுக்குத் தெரிந்திருக்காது.
தெரிந்தும் இருக்கலாம்.

அட்டகாமாவில் மழை ஒரு வதந்தி.
அந்த வறண்ட மலையுச்சியில் பதினோரு வருடம்
அவனும் நானும் இரவுப் பணி.
குவிமாடம் முனகித் திறக்கும்;
குளிரில் பேனா மை உறையும்;
இன்று என்ன கிழமை என்று தெரியாது,
எந்த விண்மீன் எத்தனை மணிக்கு
உச்சிக்கு வருமென்று தெரியும்.
சம்பளமும் ஒரு விண்மீன்தான்:
மாதக் கடைசியில்
கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.

பிறகு ராயெனின் தாடை.
மருத்துவர் ஒரு தாளில் தொகையை எழுதி
தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்,
வாயால் சொல்லக் கூசியவர் போல.

அதற்காகத்தான் இறங்கி வந்தேன்
என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.
பாதி உண்மை.
அந்தக் கடன் இரண்டே வருடத்தில் அடைந்தது.
இது ஒன்பதாவது வருடம்.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்:
குழாயைத் திருப்பினால் வெந்நீர்.
கடையில் விலைச்சீட்டைப் பார்க்காமல்
கூடையில் விழும் பாலாடைக்கட்டி.
ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு,
அந்த ஏழு நாளும்
பகலில் விழித்திருக்கிற மனுஷி நான்.
இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது.
பிடித்திருப்பதுதான் சில சமயம்
தொண்டையில் நிற்கிறது.

வருத்தமா என்று கேட்பவர்களுக்கு
சம்பள நாளில் ஒரு பதில்,
அமாவாசையில் வேறு பதில்.

பதினான்கையும் நடச் சொல்லிக் கையெழுத்திட்டவள் நான்.
வரைபடம் வந்தபோதே தெரியும்
அவை எங்கே போய் விழும் என்று.
வேறு யாருக்கும் தெரியாது,
அதனால் யாரும் கேட்கவில்லை,
அதனால் நானும் சொல்லவில்லை.

நேற்றிரவு ஓரியானாவின் ஏணி வண்டியில் ஏறி
ஒவ்வொன்றாகத் தலையைக் குனிய வைத்தோம்.
'யாருக்காக இந்தப் பாடு?' என்றாள்,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.
'ஒரு புகார்' என்றேன்.

பதினொன்று குனிந்தன.
மூன்றை விட்டுவிட்டோம்.
அந்த வளைவில்தான் போன குளிர்காலத்தில்
எர்மோகெனெஸின் லாரி சரிந்தது.
பிழைத்தான். நடக்கிறான், ஒரு மாதிரி.
அவனை வானத்துக்கு எதிரே வைத்து
நிறுத்துப் பார்க்கிற தராசு
என்னிடம் இல்லை.

பதில் எழுதினேன், அலுவலகத் தமையில்லாத் தமையோடு:
'பதினொன்று சரிசெய்யப்பட்டன.
மூன்று இயலாது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.'
பெயருக்குப் பதில் பதவியைத் தட்டினேன்.

வல்பரைசோவிலிருந்து ராயென் கூப்பிட்டாள்.
ஆப்பிளைக் கடித்துக்கொண்டே பேசினாள்,
நறுக் நறுக்கென்று, பாதி புரியவில்லை.
சாப்பிட்டுவிட்டுப் பேசு என்று அதட்டவில்லை.
அந்த ஒலிக்கு நான் கொடுத்த விலை தெரியும்,
அவளுக்குத் தெரிய வேண்டாம்.

காலையில் மலையிலிருந்து இரண்டு வரி:
'மூன்று விளக்குகளின் அலைநீளம் அனுப்பு, யோவாங்கா.
கணக்கில் கழித்துக்கொள்கிறோம்.'

மன்னித்தானா, கிண்டல் செய்தானா,
வேலையைத்தான் பார்த்தானா?
அவன் எப்போதும் வேலையைத்தான் பார்ப்பான்.

கிடங்கில் விளக்குப் பெட்டியைத் தேடி எடுத்து
தூசியைத் துடைத்து
எண்ணை எழுதிக்கொண்டேன்.
மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.
பழைய பழக்கம்.