கட்டம்

மதுரை ஜங்ஷன், ஆர்.எம்.எஸ்., இரவுப் பணி.
முகத்துக்கு எதிரே நாற்பத்தெட்டுக் கட்டம்:
திண்டுக்கல், பரமக்குடி, விருதுநகர், மானாமதுரை.
கை போடும். கண் பார்க்கக்கூட வேண்டாம்.

எல்லீஸ் நகர் வீட்டில்
டிரங்குப் பெட்டியின் மேல் விரித்த தாளில்
இன்னொரு நானூறு கட்டம், எல்லாம் அறுகோணம்.
அங்கே எனக்கு ஐந்து கோட்டை, ஒரு துறைமுகம்,
மூவாயிரத்து இருநூறு பேர்.
மனைவி அதைச் சீட்டுக் கணக்கு என்று நினைத்திருக்கிறாள்.

பதினைந்து நாளுக்கு ஒரு நகர்வு.
பன்னிரண்டு ரூபாய் மணியார்டர்.
தாளை நிரப்பி பெங்களூருக்கு அனுப்பினால்
ஜெயநகரில் ஏதோ ஒரு மாடியில் கம்ப்யூட்டர்
பதினொரு பேரின் ஆணைகளையும் சேர்த்து விழுங்கி
ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில்
யார் செத்தார்கள் என்று அடித்து அனுப்பும்.
அதற்குக் கோபம் கிடையாது. சமாதானம் சொல்லவும் முடியாது.
வெள்ளி மாலைக்குள் தாள் வராதவனுக்கு
ஒரே வரி:
நோ ஆர்டர்ஸ் ரிசீவ்டு.
அவன் படை நின்ற இடத்தில் நிற்கும்.

பெ. ஒச்சப்பன், கூட்டுறவு வங்கி, உசிலம்பட்டி.
என் வடக்கு எல்லை.
ஏழு நகர்வாக நண்பன். முகம் தெரியாது,
எழுத்து தெரியும்.
மூணுசுழி ணகரத்தில் அவனுக்கு எப்போதும்
ஒரு சுழி கூடுதலாக விழும்.
"அண்ணே, ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஆசை இல்ல"
என்று கார்டு போடுவான்.
ஆசை இல்லை என்று ஒருவன் மூன்று முறை எழுதினால்
நான் என்ன நினைப்பது?

அப்போது என் படை ஒரு கோட்டையை வளைத்துக்கொண்டு
வெட்டவெளியில் கிடந்தது. தானியம் வற்றிக்கொண்டிருந்தது.
அவன் படை
என் முதுகுக்கு மூன்று கட்டம் பின்னால்.

புதன் இரவு, உசிலம்பட்டிப் பை.
கட்டை அவிழ்த்ததும் நாலாவது உறை அவனுடையது.
விளக்கில் காட்டினேன். தடித்த காகிதம்.
எதற்கென்று தெரியாமல் எடை பார்த்தேன், பதினான்கு கிராம்.
பிரிக்கவில்லை.
பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு தபாலையும் பிரித்ததில்லை.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.
பெங்களூர்க் கட்டம் வலது மேல் மூலை.
மானாமதுரை அதற்கு நேர் கீழே.
நாலு விரற்கடை.

கை போட்டது.

சவரியப்பன் பீடிக்கு எழுந்து போனான்.
ராமேஸ்வரம் பாசஞ்சரில் பையை ஏற்றினார்கள்.

நகர்வு எட்டு.
வீரர் நான்கு: நோ ஆர்டர்ஸ் ரிசீவ்டு.
வீரர் ஏழு, அதாவது நான்:
தானியம் இல்லை. ஆயிரத்து நூறு பேர் கலைந்தனர்.
முற்றுகை முறிந்தது.
முதுகில் குத்து விழவில்லையே என்று
ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வாரம் அவன் கார்டு.
கார்டை வாசிப்பது பிரிப்பதாகாது,
நின்றபடியே வாசித்தேன்.
"அண்ணே, நானூறு வண்டி நெல்லு
உங்களுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேன்.
தபால்ல எவனோ தொலைச்சுட்டான்.
அவன் கை வெளங்காமப் போக.
நீங்க என்னை மன்னிக்கணும்."

அதை மதுரை நகர்க் கட்டத்தில் நானே போட்டேன்.
மறுநாள் பகல் வாசலில் நின்று நானே வாங்கினேன்.
"யாருங்க ஒச்சப்பன்?" என்றாள் மனைவி.
சீட்டில் ஒரு ஆள் என்றேன்.

அதற்குள் அந்த உறை மானாமதுரையிலிருந்து திரும்பியிருந்தது,
நெற்றியில் ஊதா மையில் 'மிஸ்சென்ட்'.
இந்த முறை கண்ணால் பார்த்து,
எழுத்துக்கூட்டிப் பார்த்து,
வலது மேல் மூலையில் வைத்தேன்.

பிந்தி வந்த தாள் அடுத்த நகர்வில் சேரும். அது விதி.

நகர்வு ஒன்பது:
நானூறு வண்டி நெல்
கட்டம் பதினேழு-ஒன்பதை அடைந்தது.
பெற்றுக்கொள்ளப் படை இல்லை.
வண்டிகள் நிற்கின்றன.