நாற்பத்தொரு கிணறு

கொக்குவிலில், வெல்டிங் கடைக்கு மேலே,
மாசம் ஆறாயிரம் ரூபாய் வாடகை அறையில்
எங்கள் சேவர் இருக்கிறது.
பெரிதாக ஒன்றுமில்லை. திரை உடைந்த மடிக்கணினி,
சாக்குத் தைக்கிற நூலால் கட்டிய விசிறி.
கீழே நிரோஜன் இரும்பறுத்தால்
மேலே மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டும்.
அந்த நொடி நோர்வேயில் யாருக்கோ
நாங்கள் இல்லாமல் போவோம்.

கிணறு, அதுதான் குழுமத்தின் பேர்.
ஊர், திகதி, உப்பின் அளவு.
அதற்குமேல் எழுதக்கூடாதென்று விதி.
முதலில் மீறியவள் விதி எழுதிய நான்தான்:
ஐப்பசி மழைக்கு என் கிணறு இனித்த அன்று
மூன்று ஆச்சரியக்குறி போட்டேன்.

பேஸ்புக்கில் நடத்தினால் என்ன என்று
கேட்காத ஆளில்லை.
அது மற்றவன் வளவு.
கூப்பிட்டு இருத்துவான், படலையைப் பூட்டுவான்,
திறப்பு அவன் மடியில்.
இது எங்கள் வளவு, ஆனால் வேலியில் பொட்டு விட்டிருக்கிறோம்.
மட்டக்களப்புச் சேவரின் ஆட்கள் அதால் வருவார்கள்.
பேர்கனில் துருவன் நடத்துகிற சேவருக்கு
எங்கள் உப்புக்கணக்கு அதால் போகும்,
போய் அங்கேயும் ஒரு பிரதியாய்க் கிடக்கும்.
நான் விளங்கப்படுத்தி முடிக்கமுதல்
கேட்டவர் ரீயைக் குடித்து எழும்பிவிடுவார்.

நாலாங்கட்டை என்று பேர் வைத்திருந்தார் ஒருவர்.
வேலணை. வியாழன்தோறும் விடிய ஐந்தரைக்கு ஓர் அளவு.
பிசகில்லை.
ஆனால் வாய்.
புத்தூரில் தோட்டம் செய்கிற இன்பசோதியை
மோட்டர் போட்டு நிலத்தைக் குடிக்கிறவள் என்று தொடங்கினார்.
முடித்த விதத்தை நான் இங்கே எழுதமாட்டேன்.
"அக்கா, எச்சரிக்கை குடுப்பம்" என்றான் யூட் அன்ரன்.
குடுத்தோம், மூன்று தரம்.
நாலாம் தரம், இரவு பதினொன்றுக்கு,
தடுத்தேன்.
எழுதியதெல்லாம் அழிக்கவா என்று கேட்டது.
ஓம் என்றேன்.
வியாழக்கிழமைகளும் அதோடு போயின என்பது
காலையில் பல் தீட்டும்போதுதான் உறைத்தது.

அழி என்ற சொல்லும் பொட்டால்தான் போகவேண்டும்.
பதினாறு சேவர்கள் கேட்டன, அழித்தன.
துருவனுடையது அந்தக் கிழமை பழுதாகிப் படுத்திருந்தது.
எழும்பியபோது
எங்கள் சண்டையை அப்படியே வைத்திருந்தது.
"இன்னும் நிக்குது" என்று இன்பசோதி எழுதினாள்.
துருவனுக்கு எழுதினேன். பார்க்கிறேன் என்றான்.
அவனுக்குப் பனி, கைக்குழந்தை, இரவு வேலை.
பார்க்கவில்லை.

கார்த்திகையில் இடி விழுந்தது.
டிஸ்க் கடகடவென்று ஏதோ சொல்லி நின்றுபோனது.
"கடைசியாய் எப்ப கொப்பி எடுத்தனீங்கள்?" என்றான் யூட்.
நான் விசிறியைப் பார்த்தேன்.

பிறகு ஊரூராய்க் கேட்டு வாங்கினோம்.
மட்டக்களப்பு ஆறு மாசம் தந்தது.
ரொறன்ரோவில் ஒருவர் கொஞ்சம், அதுவும் படங்கள் இல்லாமல்.
முழுக்க வைத்திருந்தது பேர்கன்:
நாற்பத்தொரு கிணறு, இரண்டு வருச உப்பு,
நாலாங்கட்டையின் தொண்ணூற்றெட்டு வியாழன்,
அவருடைய வாய்.

மூன்று நாளாய்ப் பிரித்தெடுக்கிறேன்.
அளவு இந்தப் பக்கம், வசை அந்தப் பக்கம்.
ஆனியிலிருந்து வேலணையின் எண் ஏறிக்கொண்டே போகிறது.
முதல் வசை ஆடியில்.
இதற்காக அவரை விடலாமென்று நான் சொல்லவில்லை.
இன்பசோதியைக் கேட்காமல் தடையை எடுக்கமாட்டேன்.
கேட்டு எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டாள், பதில் இல்லை.

இன்று வியாழன்.
நான் கேள்விப்படாத ஒரு சேவரிலிருந்து
நேற்றுப் பிறந்த பேரோடு ஓர் ஆள்:
வேலணை. திகதி. உப்பின் அளவு.
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
நேரம் ஐந்து முப்பத்தொன்று.

"அக்கா, அந்தப் பொட்டை அடைப்பமோ?"
யூட் காத்திருக்கிறான்.
கீழே நிரோஜன் கடை திறக்கிற சத்தம்.
இன்னும் இரும்பில் கை வைக்கவில்லை.