துண்டுக்குள் விரல்

முதலில் விளக்குப் போட்டவன் நான்தான்.
சிவப்பு, பச்சை, நீலம்,
வாசலில் ஓடித் திரும்பும் சீரியல் செட்டு.
ஊர் நோம்பிக்குப் போடுகிற மாதிரியே
குகைக்கும் போட்டேன்.
பொங்கியண்ணன் எலக்ட்ரிகல்ஸ், மதுக்கரை மெயின் ரோடு.

வெள்ளைப்பாறைப்புதூர் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.
சிமெண்டாகிப் போன பாதி மலை போக
மீதி மலைக்குள் இருந்த ஓட்டைக்கு
ஆளுக்கு முப்பது ரூபாய்.
கம்பங்கூழ், மாங்காய்ப் பத்தை, செல்ஃபிக் குச்சி,
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொள்ளாயிரம் டிக்கெட்.
வந்த காசில் தலைவர் கிட்டுசாமி தார் ரோடு போட்டார்.
அதைக் குறை சொல்ல என்னால் ஆகாது,
என் மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

எட்டாம் மாதம்
விளக்குக்குக் கீழே பாறை பச்சை பிடித்தது.
என் நாற்பது வாட்ஸை வெயிலென்று நம்பி
பாசி முளைத்திருந்தது.
துடைத்தேன், மறுவாரம் வந்தது.
பிளீச்சிங் போட்டேன், பாறை பொரிந்தது.
வவ்வால்கள் என்றைக்குப் போயின என்று
யாருக்கும் தெரியவில்லை.
டிக்கெட் கிழிக்கிற மாராத்தாள் மட்டும் சொன்னாள்:
"இப்பெல்லாம் நாத்தமே இல்லீங்கண்ணா."
நல்லதென்றுதான் நினைத்துக்கொண்டோம்.

சேலத்திலிருந்து மும்தாஜ் மேடம் வந்தார்.
தலையில் விளக்கு, கையில் காற்றை அளக்கிற பெட்டி.
நான்கு நாள் உள்ளேயே கிடந்துவிட்டு
வெளியே வந்து டீ கேட்டார், சர்க்கரை வேண்டாமென்றார்.
"சொட்டுற தண்ணி சுண்ணாம்பை வெச்சுட்டுப் போகுது.
நீங்க விடற மூச்சு அதைக் கரைக்குது.
விரல் நீளம் கட்ட அதுக்கு ஆயிரம் வருஷம்.
நீங்க ஒரு கோடையில தின்னுருவீங்க."

"அப்ப இழுத்து மூடிரலாங்களா?"
"மூட வேண்டாம். எத்தனை பேர்னு சொல்றேன்."

பொள்ளாச்சி சந்தையில் மாடு பிடித்து வளர்ந்த மனுஷன்.
எத்தனை என்ற சொல் காதில் விழுந்ததும்
தன்னையறியாமல்
கைமேல் துண்டைப் போட்டு நீட்டிவிட்டார்.
மேடம் ஒரு நொடி பார்த்தார்.
பிறகு கையை உள்ளே விட்டார்.

நாங்கள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
துணி அசைந்தது. நின்றது.
தலைவர் முகம் புளி தின்றது.
அவர் விரலை மடக்கியிருக்க வேண்டும்,
மேடம் அதை நிமிர்த்தியிருக்க வேண்டும்,
டீ ஆறியது.
"அதுக்கு மாட்டைச் சும்மாவே ஓட்டீட்டுப் போங்க!"
"மாடு என்னுதில்லீங்க.
உங்களுதும் இல்லை."

முடிந்தது இப்படி:
ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர், நாளைக்கு ஐந்து நடை.
டிக்கெட் இருநூற்றைம்பது.
வவ்வால் குட்டி போடுகிற மாதங்களில் வாசல் அடைப்பு.
உள்ளூர்ப் பிள்ளைகளே கூட்டிப்போக வேண்டும்.
விளக்கு, தலையில் மட்டும்.

போட்டதை நானே கழற்றினேன்.
இருநூற்று நாற்பது மீட்டர் ஒயர்.
ஆணி பிடுங்கிய துளைகள் எண்பத்தேழு,
அவற்றை எதைக்கொண்டு அடைப்பதென்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.
கடைசி மெயினை இறக்கியபோது
என் உள்ளங்கை எனக்குத் தெரியவில்லை.
மேலே அத்தனை கல்விரல்கள் தொங்குவதை
அப்போதுதான் நினைத்தேன்.
இருட்டு ஒரு பெரிய துண்டு.
கையை நீட்டி நின்றேன், என்ன கேட்கிறதென்று.
வெகு நேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது.
ஒன்றா, நூறா, ஆயிரமா,
அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை.

வவ்வால் திரும்பிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
மாராத்தாள் தினமும் பூட்டைத் திறக்குமுன்
மூக்கை நீட்டிப் பார்க்கிறாள்.

கழற்றிய கூலி மட்டும் பாக்கி.
தலைவரிடம் போய் நின்றால்
துண்டை எடுக்கிறார்.