அன்னாசிக் கட்டம்

ஜிப் அறுந்த குஷன் உறை ஒன்றைக்
கொடுத்துவிட்டுப் போனாள்
ஆஸ்பத்திரி மாரிசெல்.
எண்ணூறு பைசா வேலை.
வியாழக்கிழமை வருவதாகப் பேச்சு.

பல் உடைந்த ஜிப்பைப் பிரிக்கையில்தான்
அதன் முகத்தைப் பார்த்தேன்:
நடுவில் நகமளவு சிவப்பு.
சுற்றி நேராக நாலு கீற்று,
மூலைக்கு மூலை சாய்வாக நாலு,
மறுபடி நேர், மறுபடி சாய்வு.
எது எதன்மேல் ஏறியது என்று
கண் பின்னாலேயே போய்
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.
அன்னாசி, என்று அவள் சொன்னது
கேலி என்று நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சூர் நகரத்தில்
திஷ்டாஷா தைக்கிறேன்.
கழுத்துக் குஞ்சம் ஒரு நூல் தள்ளியிருந்தால்
கடல் பார்த்த கண்ணால் கண்டுபிடித்துத்
திருப்பிக் கொண்டுவரும் ஊர்.
எனக்கா வராது என்றுதான் உட்கார்ந்தேன்.

மேசைக்கடியில் ஒரு சாக்கு மிச்சம்:
பால்வெள்ளை, மணல், சாம்பல்,
மீன் ஏலக்காரர் சாலிமின் வானநீலம்,
கல்யாண மாப்பிள்ளை ஒருவனின் ஊதா.
இரண்டு விரல் அகலம்,
பைக்கும் ஆகாது, பட்டிக்கும் ஆகாது.

முதல் கட்டம் கிண்ணமாகக் குழிந்தது.
குலாம் நபி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தொழுகைக்குப் போகட்டுமா மாஸ்டர் என்றான்.
தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்.
அவன் ஊரில் வீட்டுக்கு வீடு ரல்லி தைப்பார்களாம்.
அவனுக்கு ஊசியில் நூல் கோக்க வராது.

சிரிக்கிறவன் கையில்தான் ஏசி ரிமோட்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி,
உள்ளே நாலு கட்டில்,
காற்றுக்கு நேர் கீழே என்னுடையது.
விடிகாலையில் என் முழங்கால் இரண்டும்
ஐஸ்பெட்டி மீன்.
எனக்கு ஒரு போர்வை வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டம், நாலு பக்கத்துக்கு நாலு அளவு.
ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் பிசகினால்
எட்டாவது சுற்றில் அது ஒரு விரல்.
சாய்வில் வெட்டிய ஓரமோ
தொட்டாலே நீள்கிறது,
எங்கள் சம்பளத் தேதி போல.

வியாழக்கிழமை மாரிசெல் வந்தாள்.
மஸ்கட்டிலிருந்து ஜிப் வரவில்லை என்றேன்.
ஜிப் என் சட்டைப்பையில் இருந்தது.

அன்று இரவு உறையை உள்வெளியாகத் திருப்பி
மெஷின் விளக்குக்கு அடியில் விரித்தேன்.
முகம் காட்டாததையெல்லாம்
முதுகு காட்டிவிட்டது:
கீற்றின் நுனிகள்
தையலுக்குப் பிறகு கத்தரித்தவை.
வெட்டித் தைப்பது என் தொழில்.
இவள், எந்த ஊர்க்காரியோ,
தைத்து வெட்டியிருக்கிறாள்.
ஒரு சுற்று தை. இஸ்திரி போடு, இழுக்காமல் அழுத்து.
ஸ்கேலை நடுச்சிவப்பில் நிறுத்தி
அங்கிருந்து அள.
மிச்சத்தை நறுக்கு. பிறகு அடுத்த சுற்று.
முதலிலேயே அளவாக வெட்டி வைத்த என் கீற்றெல்லாம்
கெட்டிக்காரத்தனத்தின் குப்பை.

வெள்ளிக்கிழமை, கடை அடைத்த மதியம்,
எட்டாம் சுற்று முடிந்தது.
மேசையில் போட்டேன். படுத்தது.
மூலையைச் சுண்டிவிட்டேன்.
எழுந்து, மறுபடி படுத்தது.
சாலிம் நீலமும் மாப்பிள்ளை ஊதாவும்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட,
குலாம் நபி விரலால் ஒரு சுற்றைத் தொடர்ந்தான்,
தவறவிட்டான்,
முதலிலிருந்து ஆரம்பித்தான்.
எதுவும் சொல்லவில்லை.
ரிமோட்டை மட்டும் இருபத்தைந்துக்கு ஏற்றினான்,
அன்றைக்கு மட்டும்.

ஜிப் போட்ட உறையைக் கொடுத்தபோது
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
தாமதத்துக்கு என்றேன்.

இப்போது பதினொரு கட்டம் இருக்கிறது.
முப்பது வேண்டும். ஊதா தீர்ந்துவிட்டது.
நேற்று பெருநாள் துணிக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார்
எப்போதும் வெள்ளைதான் எடுப்பார்.
ஊதாத் தானை அவர் தோளில் விரித்து,
கண்ணாடிப் பக்கம் திருப்பி,
உங்களுக்கு இதுதான் எடுக்கும் என்றேன்.

பொய்யில்லை. எடுக்கத்தான் செய்தது.
மூன்றரை மீட்டர் போதும்.
நாலு என்று எழுதினேன்,
கூடுதல் அரை மீட்டருக்கு
என் கணக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு.