மாலை ஐந்து மணிக்கு இரவு

ஐந்து மணிக்கு நான் இரவைச் செய்கிறேன்.
கறுப்புத் துணி, இரண்டு மடிப்பு,
ஓரமெல்லாம் கொடிக் கவ்விகள்.
வெளியே அரியாக்கே கடல்மேல்
வெயில் இன்னும் இறங்கவில்லை.
கொட்டகைக்குள் விடிவதற்கு
பதினான்கு மணி நேரம் இருக்கிறது.

தொட்டிகளில் சரம் சரமாய்ச் சிப்பி ஓடுகள்.
சதையைத் தின்றவர்கள் ஹிரோஷிமா பக்கம் எங்கேயோ.
ஓட்டின் உள்ளே மை கொட்டினாற்போல் ஒரு கறை,
அதுதான் பாசி. மார்ச்சில் விதைத்தது.
தாளாக விரிந்து சோற்றுருண்டையைச் சுற்றப்போவது இதுவென்று
பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அதற்குக் காலண்டர் கிடையாது.
பகல் குறுகி, தண்ணீர் குளிர்ந்தால்
கூதிர் வந்தது என்று நம்பி
வித்துகளை வெளியே விடும்.
ஆகவே பொய் சொல்கிறோம்.
பொய் சொன்ன வாய்க்குச் சோறில்லை என்பார்கள்;
எங்கள் வீட்டில் சோறே அதுதான்.

முந்தாநாள் இரவு கென்சாக்கு
மறந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடி
கைபேசி விளக்கோடு உள்ளே வந்தான்.
நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்தது.
கொஞ்ச வெளிச்சம் போதும்,
நடுநிசியை விடியல் என்று எடுத்துக்கொள்ளும்,
பதினைந்து நாள் இருட்டு வீணாகலாம்.
இருபத்தாறு வருடப் புருஷன்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

இன்று சங்கத்திலிருந்து தொலைநகல்:
கடல் 25.3.
வலை இறக்கும் நாள் இருபதல்ல, இருபத்தெட்டு.
இருபத்துமூன்றுக்குக் கீழே இறங்காத நீரில்
குருத்து வெளுத்துச் சுருண்டு
வலையை விட்டு நழுவிவிடும்.
போன வருடம் தூக்கிய வலைகள்
துவைத்த சட்டைபோல் லேசாக வந்தன.

ஆக, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.
கவ்விகளைக் கழற்றினேன், எல்லா விளக்கையும் போட்டேன்.
தொட்டிச் சூட்டை இரண்டு டிகிரி ஏற்றினான் கென்சாக்கு.
இல்லை, இன்னும் கோடைதான்.
நாங்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம்.

ஓர் ஓட்டைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன்.
செல்கள் இரண்டிரண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தன,
பாதி நம்பியவை.
நம்பத் தொடங்கியதை நிறுத்துவது பற்றி
கையேட்டில் ஒரே ஒரு சொல் இருக்கிறது:
கூடுமானவரை.

இரவு ஒன்பது. கொட்டகைக்குள் பட்டப்பகல்.
படகுத்துறைப் படி இறங்கி
ஒரு வாளி கடலை மொண்டோம்.
வெப்பமானி இருபத்தைந்தில் நின்றது.
அவன் முழங்கைவரை உள்ளே விட்டு
'குளிருதே' என்றான்.
நானும் விட்டுப் பார்த்தேன்.
கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.